விலகும் தொழிலாளியின் விடுப்பூதியம்

கூட்டுறவு அங்கத்தினர்களுக்குள் அடிக்கடி எழும் வழக்குகளுள் ஒன்று, பார்வைக்குச் சிறிது. ஆனால் அது விளைவிக்கும் மனக்கசப்போ பெரிது. வேலையை விட்டு விலகுகின்ற ஒருவருக்குச் சேர வேண்டிய விடுப்புநாள் ஊதியத்தைக் கொடுப்பதா, கொடுத்தால் எவ்வளவு கொடுப்பது, அதிலிருந்து எதை எதைப் பிடித்துக்கொள்வது என்பதே அந்த வழக்கு. பல ஆண்டுகள் ஒன்றாக இருந்து வேலை செய்தவர்கள் கடைசி நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பிரிவதற்கு, பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க் கணக்கே காரணமாகிவிடுகிறது. இதைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது, நியாயம் என்ன கூறுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இது நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் எவ்வாறு சம்பந்தப்பட்டது என்று சிலர் கேட்கலாம். தம் வீட்டுத் தறியில் நெய்து சங்கத்தில் கூலி பெறும் அங்கத்தினருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது இந்த வடிவில் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் மகன் நூற்பாலையில் இருக்கிறான்; மகள் பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். கரும்பு பயிரிடுவோரின் தம்பி சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத்துக்கு வேலைக்குச் செல்கிறான். அதுமட்டுமன்று. நம் சங்கங்களே எழுத்தர், விற்பனையாளர், சாயப்பட்டறையாள், கிடங்குக் காவலர் முதலியோரை வேலைக்கு வைத்திருக்கின்றன. ஆகவே நம்மில் பலர் ஒரு பக்கம் தொழிலாளியின் தந்தையாகவும், மறு பக்கம் நிர்வாகக் குழுவில் அமர்ந்து கையொப்பமிடும் முதலாளியாகவும் இருக்கிறோம். இரு பக்கமும் நின்று பார்க்கும் வாய்ப்பு நமக்குத்தான் உண்டு. அப்படிப் பார்க்கும் கடமையும் நமக்கே உண்டு.

விடுப்பூதியம் எப்படி வந்தது?

ஊதியத்துடன் விடுப்பு என்பது முதலாளியின் தயவில் கிடைக்கும் இனாம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. 1936-ஆம் ஆண்டில் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கவேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. முதலாளியின் காரணத்தால் வேலை இழந்தவருக்கு அவர் துய்க்காத விடுப்புநாட்களுக்குரிய ஊதியத்தைத் தரவேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையிலேயே இடம் பெற்றது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதிய விடுப்பு சட்டமாயிற்று. பின்னர் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, வேலை எக்காரணத்தால் முடிந்தாலும், உழைத்த காலத்துக்கு ஏற்ற அளவு விடுப்போ அதற்கு ஈடான பணமோ கிடைக்கவேண்டும் என்று கூறிற்று.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதற்கு ஓர் உறுதியான உருவம் கொடுத்தது. ஆண்டில் 240 நாள் உழைத்தவர், இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்ற கணக்கில், அடுத்த ஆண்டில் ஊதிய விடுப்புப் பெறலாம் என்பது அதன் விதி. பல பத்தாண்டுகள் ஆட்சி செய்த அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய சட்டத்தொகுப்பு வந்துள்ளது. ஊதியம் கொடுப்பதையும் பிடிப்பதையும் பற்றி 1936-ஆம் ஆண்டு முதல் இருந்த ஊதியம் வழங்கல் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டு ஊதியங்கள் சட்டத்தொகுப்பு வந்துள்ளது. இவ்விரண்டும் 21-11-2025 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆதலால் பழைய சட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நிர்வாகிகளும் தொழிலாளரும் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளுதல் அவசியம்.

இப்போதைய கணக்கு

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு உண்டு. முன்பு 240 நாள் என்றிருந்தது இப்போது 180 நாள் என்று குறைந்திருக்கிறது. இளம் பருவத்தினருக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு நாள். வேலையின்மையால் நிறுவனம் ஆட்களை நிறுத்திவைத்த நாட்களும், மகப்பேற்று விடுப்பு நாட்களும், அவ்வாண்டில் எடுத்த ஊதிய விடுப்பு நாட்களும் இந்த 180-இல் சேரும். ஆனால் அந்த நாட்களுக்காகப் புதிய விடுப்புச் சேராது. ஆண்டின் நடுவில் சேர்ந்தவர், எஞ்சிய நாட்களில் நான்கில் ஒரு பங்கு வேலை செய்திருந்தாலே விடுப்புக்கு உரியவராகிறார்.

எடுக்காத விடுப்பு அடுத்த ஆண்டுக்குச் செல்லும். அதற்கு முப்பது நாள் வரம்பு. ஆனால் விடுப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தும் நிர்வாகம் மறுத்திருந்தால், அவ்வாறு மறுக்கப்பட்ட நாட்களுக்கு வரம்பே இல்லை. இது தொழிலாளர் பலருக்குத் தெரியாத செய்தி. வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாக மறுக்கப்பட்டால் அதற்குச் சான்று இல்லை. எழுதிக்கொடுத்து நகல் வைத்திருப்பவருக்கே அந்த உரிமை கைக்கு எட்டும்.

இனி விலகுதலுக்கு வருவோம். ஒரு தொழிலாளி தாமாகவே விலகினாலும், நிர்வாகம் விலக்கினாலும், குற்றத்துக்காகவே நீக்கப்பட்டாலும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றாலும், வேலையில் இருக்கும்போதே காலமானாலும், அவர் கணக்கில் நிற்கும் விடுப்புநாட்களுக்குரிய ஊதியம் அவருக்கோ அவர் வாரிசுக்கோ சேரவேண்டும். அந்த ஆண்டில் 180 நாள் நிறையவில்லை என்பது இதற்குத் தடையன்று. விலகியவர், விலக்கப்பட்டவர், நீக்கப்பட்டவர் ஆகியோருக்கு இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் பணம் கொடுத்தாகவேண்டும். ஓய்வு பெற்றவருக்கும் காலமானவரின் குடும்பத்துக்கும் இரண்டு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும்.

இதிலிருந்து, நம்மிடையே வழங்கும் இரண்டு தவறான எண்ணங்கள் நீங்கவேண்டும். 'ஆண்டு நிறையாமல் போனவனுக்கு ஒன்றுமில்லை' என்பது ஒன்று. 'தானாகவே விட்டுப்போனவனுக்கு எதற்கு லீவுச் சம்பளம்?' என்பது மற்றொன்று. இரண்டும் சட்டத்துக்கு மாறானவை. விடுப்பு என்பது நாளை உழைக்கப்போவதற்கு முன்கூட்டித் தரும் வெகுமதி அன்று. நேற்று உழைத்து முடித்ததில் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பகுதி. நூல் வாங்கித் துணி கொடுத்துவிட்ட நெசவாளரிடம், 'அடுத்த பாவு நீ வாங்கவில்லை. ஆகவே இந்தத் துணிக்குக் கூலி இல்லை' என்று கூறினால் நாம் ஒப்புவோமா?

ஓர் உதாரணம்

கணக்கு எளிதாக விளங்கும்பொருட்டு ஓர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் நாள் ஊதியம் 500 ரூபாய் என்றும், அவர் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 160 நாள் வேலை செய்தபின் விலகுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். இருபதுக்கு ஒன்று வீதம் அவருக்கு 8 நாள் விடுப்புச் சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டிலிருந்து வந்து சேர்ந்த 12 நாள் கைவசம் உண்டு. மொத்தம் 20 நாள். இவ்வாண்டில் அவர் 5 நாள் ஊதிய விடுப்பு எடுத்திருக்கிறார். எஞ்சியது 15 நாள்; ஊதியம் 7,500 ரூபாய். இத்தொகை, அவர் வேலை செய்த நாட்களுக்குரிய சம்பளத்துக்குப் புறம்பானது என்பதை நினைவில் வைக்கவேண்டும். 160 நாள்தானே என்று 8 நாளை விலக்கிவிடுவதும், பழைய 12 நாளை 'சென்ற ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது' என்று தள்ளுவதுமே வழக்கமாக நிகழும் இரு தவறுகள்.

சர்க்கரை ஆலையின் பருவத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அரவைப் பருவத்தில் 120 நாள் வேலை செய்துவிட்டு ஒருவர் விலகினால், 180 நாள் நிறையாவிடினும், விலகும்போது 6 நாள் ஊதியம் அவருக்கு உரியது. பருவமில்லாக் காலத்தில் அவருக்குக் கொடுக்கப்படும் தக்கவைப்புப் படியும் புதிய சட்டத்தொகுப்பில் ஊதியம் என்ற சொல்லுக்குள் அடங்குகிறது.

பிடித்தங்கள்

விடுப்பூதியம் உண்டு என்று ஒப்புக்கொண்ட நிர்வாகமும், அதைக் கொடுக்கும் வேளையில் பிடித்தங்களால் அதைக் கரைத்துவிடுவதுண்டு. பிடித்தம் என்பது எப்போதும் அநியாயமன்று. எல்லாப் பிடித்தமும் நியாயமும் அன்று. இதற்கு அளவுகோல் இருக்கிறது. சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் ஊதியத்திலிருந்து பிடிக்கலாகாது என்பதே அது.

இந்த விதி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. விட்லி என்பவர் தலைமையில் 1929-இல் அமைந்து 1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷன், ஆலைகளில் அபராதம் என்றும் சேதம் என்றும் ஊதியத்தை வெட்டும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று வற்புறுத்திற்று. அதன் பயனாகவே 1936-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாது என்று அச்சட்டம் தொடக்கத்தில் வரையறுத்தது. இன்று அந்த வரம்பு நூற்றுக்கு மூன்று. அந்த ஒழுங்கின் வழித்தோன்றலே இன்றைய ஊதியங்கள் சட்டத்தொகுப்பு. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை ஊதியம் பெற்றவர்களையே காத்தது; புதியதில் அந்த உச்சவரம்பு இல்லை. சிறு நிறுவனம், பெரு நிறுவனம் என்ற வேற்றுமையும் இல்லை. ஆகவே மூன்று பேரை வைத்து நடக்கும் சிறு சங்கமும் இந்தப் பிடித்த விதிகளுக்குக் கட்டுப்பட்டதே. விலகியவரின் ஊதியக் கணக்கை இரண்டு வேலைநாளுக்குள் தீர்க்கவேண்டும் என்ற விதியும் அவ்வாறே எல்லார்க்கும் பொது.

விலகும் வேளையில் எழும் முக்கியப் பிடித்தங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, முன்னறிவிப்புப் பணம். 'ஒரு மாத நோட்டீசு கொடுக்காமல் போகிறாய். ஆகவே உன் லீவுச் சம்பளத்தை நோட்டீசுக்கு ஈடாக எடுத்துக்கொண்டோம்' என்பது அடிக்கடி கேட்கும் வாசகம். அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியலில் முன்னறிவிப்புப் பணம் என்று ஒரு தனித் தலைப்பு இல்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிப் பேசி, உரிய முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வேலைக்கு வராமல் நின்றால் மட்டும், வேலை ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டிருந்தால், எட்டு நாள் ஊதியம் வரை முன்னறிவிப்புக்கு ஈடாகப் பிடிக்க இடமுண்டு. தனி ஒருவர் விலகுவதற்கு இது பொருந்தாது. ஒப்பந்தப்படி தனக்கு நஷ்டம் என்று நிர்வாகம் கருதினால் அதற்குரிய வழியில் கேட்கலாமேயன்றித் தன் கையாலேயே ஊதியத்தை வெட்டிக்கொள்வது முறையன்று. மறு பக்கத்தில், நிர்வாகமே ஒருவரை விலக்கும்போது, அவருடைய மிச்ச விடுப்பை முன்னறிவிப்புக் காலத்தோடு சேர்த்துக் கழித்துவிடக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே கூறியிருந்தது. அதன் நியாயம் வெளிப்படை. முன்னறிவிப்பு என்பது வேறு வேலை தேடுவதற்கான அவகாசம். விடுப்பு என்பது உழைத்துச் சேர்த்த சொத்து. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைப்பது ஒருவன் பணத்தைக் கொண்டே அவன் கடனைத் தீர்ப்பதாகும்.

இரண்டாவது, மிஞ்சி எடுத்த விடுப்பு. ஆண்டின் தொடக்கத்திலேயே சில நிறுவனங்கள் முழு ஆண்டு விடுப்பையும் கணக்கில் வைத்துவிடுகின்றன. பொங்கலுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்குமாக ஒருவர் 7 நாள் எடுத்துவிட்டு, 60 நாள் வேலை செய்த நிலையில் விலகுகிறார். அவர் உண்மையில் சேர்த்தது 3 நாளே. மிஞ்சிய 4 நாள் ஊதியத்தைத் திருப்பிப் பிடிக்கலாமா? முன்பணத்தையும், தவறுதலாக அதிகம் கொடுத்த ஊதியத்தையும் ஈடுசெய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், அந்த 4 நாள் முன்பணமாகக் கொடுக்கப்பட்டதா, நிர்வாகம் அறிந்தே அளித்த சலுகையா என்பதுதான் கேள்வி. சேராத விடுப்பை எடுத்தால் விலகும்போது திருப்பிச் செலுத்தவேண்டும் என்று விடுப்பு விதியிலோ நியமன உத்தரவிலோ எழுதி, தொழிலாளியும் அதை அறிந்திருந்தால், பிடிப்பதில் குறை காண இயலாது. அப்படி ஏதும் எழுதாமல் அனுமதி கொடுத்துவிட்டு, விலகும் நாளில் முதன்முறையாக அதைக் கடன் என்று சொல்வது நியாயமாகாது என்பதே நம் கருத்து. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் இந்த இடத்தை ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்துவைத்திருக்கின்றன. மிஞ்சி எடுத்த விடுப்புக்கு ஈடு கேட்பதற்கு முன்னரே உடன்பாடு இருக்கவேண்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு. நம் சங்கங்களும் தம் விதிகளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தச் சச்சரவு தோன்றாது.

மூன்றாவது, விழா நாட்களை விடுப்பில் கழித்தல். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், மேலும் ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறை. இவை சேர்த்த விடுப்பின் கணக்கில் வாரா. ஒருவர் எடுத்த விடுப்பின் நடுவிலோ முன்னும் பின்னுமோ விடுமுறை நாள் விழுந்தால் அதை விடுப்பில் சேர்க்கலாகாது என்று சட்டத்தொகுப்பும் கூறுகிறது. பொங்கல் வாரத்தில் ஆலையை மூடிவிட்டு, அத்தனை நாளையும் தொழிலாளியின் விடுப்பிலிருந்து கழித்திருக்கிறார்களா என்று விலகும்போது பார்க்கவேண்டும்.

நான்காவது, சரக்குக் குறைவு. இது நம் சங்கங்களுக்கே உரிய சங்கடம். விற்பனைச்சாலையில் சேலைகள் குறைகின்றன. கிடங்கில் நூல் எடை குறைகிறது. பொறுப்பாளர் விலகும் நாளில் இருப்பை எண்ணிப் பார்த்து, குறைந்ததை எல்லாம் அவர் தலையில் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. சட்டம் இதை முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று நிபந்தனை விதிக்கிறது. சரக்கு அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்கவேண்டும்; குறைவு அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேர்ந்திருக்கவேண்டும்; பிடிப்பதற்குமுன் அவர் தம் காரணத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். பிடிக்கும் தொகை நஷ்டத்துக்கு மேற்படவும் கூடாது. ஈரப்பதத்தால் நூல் எடை மாறுவதை நெசவாளர் அறிவர். அந்த அறிவு நிர்வாகக் குழுவில் அமர்ந்ததும் மறந்துபோகலாகாது.

ஐந்தாவது, கடனும் முன்பணமும். தீபாவளி முன்பணம், சங்கக் கடன் முதலியவற்றைப் பிடிப்பது முறையே. கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சேரவேண்டிய தொகையைப் பிடிப்பதையும் சட்டம் ஏற்கிறது. பழைய சட்டத்தில் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் நூற்றுக்கு 50 என்றும், கூட்டுறவுச் சங்கப் பாக்கி அதில் சேர்ந்திருந்தால் 75 வரை போகலாம் என்றும் இருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் எல்லாம் சேர்ந்தும் 50-க்கு மேற்படலாகாது. இது நம் சங்கங்கள் குறித்துக்கொள்ளவேண்டிய மாற்றம். ஓர் ஊதியக் காலத்தில் 5,000 ரூபாய் சேரவேண்டியவரிடம், மிஞ்சிய விடுப்பு 2,000, பண்டிகை முன்பணம் 4,000 என்று 6,000 ரூபாயைக் காட்டிக் கையை விரிக்க முடியாது. 2,500 ரூபாயாவது அவர் கைக்குப் போகவேண்டும். மீதிப் பாக்கியை வேறு முறையில் வசூலிக்கவேண்டும். வேலை போன மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பதே இந்த வரம்பின் உட்கருத்து.

மொத்தத் தொகைத் திட்டங்கள்

நூற்பாலைகளுக்குச் செல்லும் நம் பெண்மக்களைப் பற்றி இங்கே ஒரு சொல். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் ஒரு பெருந்தொகை என்று கூறி இளம்பெண்களை வேலைக்கு எடுக்கும் ஏற்பாடு கொங்கு நாட்டு ஆலைகள் சிலவற்றிலும் பிற இடங்களிலும் இருந்ததும், அது சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்றதும் அங்கத்தினர் அறிந்ததே. நோயினாலோ வீட்டுக் காரியத்தாலோ இடையில் திரும்பியவர்கள், கூறப்பட்ட தொகையை இழந்ததுமல்லாமல், உழைத்த நாட்களுக்குச் சேர்ந்த விடுப்பூதியத்தையும் கேட்கத் தெரியாமல் வீடு வந்தார்கள். திட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், தொழிலாளியாக உழைத்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு உண்டு. இடையில் விலகினாலும் அதற்கு ஊதியம் உண்டு. மகளை வேலைக்கு அனுப்பும் தாய் தந்தையர் இந்த ஒரு கணக்கை அவளுக்குச் சொல்லி அனுப்புவார்களாக.

தொழிலாளி செய்யவேண்டியவை

நியமன உத்தரவு, ஊதியச் சீட்டு, விடுப்புக் கணக்கு, மறுக்கப்பட்ட விடுப்பு விண்ணப்பங்களின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தவேண்டும். விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கவேண்டும். இரண்டு வேலைநாள் என்ற கெடு எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. பணத்தை எண்ணிப் பார்க்குமுன் 'என் கணக்கு முழுவதும் தீர்ந்தது' என்ற சீட்டில் ஒப்பமிடலாகாது. அப்படி இட்டுவிட்டாலும் மனம் தளரவேண்டியதில்லை. சட்டப்படி சேரவேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாகச் செய்த ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது. முன்னறிவிப்பு எவ்வளவு என்று உத்தரவில் இருக்கிறதோ அவ்வளவு கொடுத்து விலகுவதே தொழிலாளிக்கும் மரியாதை. திடீரென்று போய்விடுவது கூடவே வேலை செய்பவர்களின் தோளில் பாரத்தை ஏற்றுவதாகும்.

பணம் வரவில்லையானால், முதலில் கணக்கைக் காட்டி எழுத்து மூலம் கேட்கவேண்டும். அதற்கும் பயனில்லையேல், ஊதியங்கள் சட்டத்தொகுப்பின்படி கோரிக்கைகளை விசாரிக்க நியமிக்கப்படும் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தொழிலாளி தாமே கொடுக்கலாம். அவர் சேர்ந்துள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் கொடுக்கலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டு வரை அவகாசம் உண்டு. பழைய சட்டத்தில் இது பன்னிரண்டு மாதமாக இருந்தது. சேரவேண்டிய தொகைக்கு மேல் அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரமுண்டு. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியையே சார்ந்தது.

சங்கங்கள் செய்யவேண்டியவை

பத்துப் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யும் சங்கத்துக்கு விடுப்பு பற்றிய சட்டத்தொகுப்பு பொருந்தாதிருக்கலாம். கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வேலை செய்தவருக்குப் பன்னிரண்டு நாள் ஊதிய விடுப்பு என்று கூறுகிறது. சங்கத்தின் துணைவிதிகளும் பணி விதிகளும் இவற்றைக் காட்டிலும் தாராளமாக இருக்கலாம். எவ்வாறாயினும் சட்டத்தின் குறைந்த அளவு என்பது, அதற்குக் கீழே போகலாகாது என்பதற்காகவே எழுதப்பட்டதன்றி, அதற்குமேல் கொடுக்கலாகாது என்பதற்காக அன்று.

ஒவ்வொரு சங்கமும் ஊழியர்தோறும் விடுப்பேடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியரிடம் காட்டி ஒப்பம் பெறுவது நன்று. அப்போது, விலகும் நாளில் எதிர்பாராத கணக்கு என்பதே இராது. விடுப்புக் கணக்கு டிசம்பரில் முடிகிறது. சங்கக் கணக்கோ மார்ச்சு 31-இல் முடிகிறது. அந்த நாளில் ஊழியர் அனைவருக்கும் எத்தனை நாள் விடுப்பு நிற்கிறது என்று கூட்டி, அதற்குரிய தொகையைப் பொறுப்பாக ஒதுக்கிவைக்கவேண்டும். ஒதுக்காத சங்கத்தில்தான், ஒருவர் விலகும்போது பணமில்லாமல், பணமில்லாததற்குக் காரணமாகப் பிடித்தங்களைத் தேடும் நிலை வருகிறது. மேலும், ஆண்டுதோறும் ஊழியர் விடுப்பை உரிய காலத்தில் எடுக்கச் செய்வதே சிக்கனம். விடுப்பு ஓய்வுக்காக ஏற்பட்டது. பணமாக மாறுவதற்காக அன்று.

இறுதியாக ஒன்று கூறுவோம். இடைத்தரகர் கையில் கூலி குறைக்கப்பட்டபோது நெசவாளர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். வியாபாரி எடையில் ஏமாற்றியபோது பயிரிடுவோர் ஒன்றுகூடி விற்பனைச் சங்கம் கண்டனர். உழைத்தவன் கூலி உழைத்தவனுக்கே என்பதுதான் நம் இயக்கத்தின் அடிப்படை. அந்தச் சங்கத்திலிருந்து ஓர் எழுத்தரோ காவலரோ விலகிச் செல்லும் நாளில் அவர் விடுப்பூதியத்தை வெட்டிக் கொடுத்தால், எந்த அநியாயத்தை எதிர்த்துக் கூடினோமோ அதையே நாம் செய்தவராவோம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஊழியர் விடுப்பேட்டை மேசைமேல் வைத்துப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.